ரொறன்ரோவிலிருந்து வந்த வான்கமெரா

இம்மலரின் நடுப்பக்கத்திலே அச்சாகியுள்ள கரிய படத்தைக் கண்டு, "இஃது என்ன, புகையா?" என வினவியோர் பலர். அச்சகத்தார்கூடத் தாளில் மை கலங்கிவிட்டதென எண்ணி, முதற் படியிலிருந்து அதனை நீக்கிவிட்டனர். ஆதலால் அப்படத்தின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். வரலாறு படத்தினும் சற்றுக் கலங்கியதே. எனினும் நடந்தவாறே எழுதுகின்றோம்.

2024 ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே ரொறன்ரோ நகரிலிருந்து கல்லூரி முகவரிக்கு நான்கு பெட்டிகள் வந்து சேர்ந்தன. எம்மோடு ஒரே வகுப்பிற் பயின்று, 1984 இல் நாட்டை விட்டு நீங்கி, 2023 இல் அந்நகரிலேயே காலமான நண்பர் ஒருவரின் துணைவியார் அவற்றை அனுப்பியிருந்தார். உடன் வந்த கடிதம் மிகச் சிறியது. பெட்டிகள் நிலவறையிற் கிடக்கின்றன, பிள்ளைகளுக்கு அவற்றில் நாட்டமில்லை, கல்லூரிக்குப் பயன்படுமாயின் அவர் மகிழ்வார் என்பதே அதன் சாரம்.

பெட்டிகளைத் திறந்தவர்கள் எம் வகுப்பினர் ஐவர்: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், மின்பொறியியலாளர் ஒருவர், வைத்தியர் ஒருவர், கணக்காளர் ஒருவர், இதனை எழுத அகப்பட்டுக்கொண்டவர் ஒருவர். வானியலில் எவருக்கும் பயிற்சி இல்லை. முதற் பெட்டியில் 80 மில்லிமீற்றர் வில்லையும் 480 மில்லிமீற்றர் குவியத்தூரமும் உடைய சிறு தொலைகாட்டி இருந்தது. அடுத்ததில் அதனைச் சுமந்து வானோடு சுழலும் தாங்கி. மற்றொன்றில் முக்காலியும் எதிர்ப்பாரங்களும். நான்காவதில் கமெராவும், பில்ரர்ச் சில்லும், ஓட்டோகைடர் எனப்படும் வழிகாட்டிக் கமெராவும், ஒரு மடிக்கணினியும், பாம்புக் கூட்டம்போற் கம்பிகளும் இருந்தன. தாங்கியின் பக்கத்திலே அகலக்கோட்டைக் குறிக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. அதன் முள் 44 பாகைக்குச் சிறிது கீழே நின்றது. ரொறன்ரோவின் அகலக்கோடு அதுவே. நண்பர் இறுதியாக வைத்துவிட்டுப் போன இடத்திலேயே அது நின்றது. எம்முள் ஒருவரும் சிறிது நேரம் அதனைத் தொடவில்லை.

இவருக்கு இப்பித்து பிடித்த நாளை நாம் அறிவோம். 1976 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து விடியற்காலைகளிலே வெஸ்ற் என்னும் வால்வெள்ளி கீழ்வானிற் பேரொளியுடன் தோன்றியது. அப்போது நாம் மேல்வகுப்பு மாணவர்; விடுதியில் இருந்தோம். பொறுப்பாசிரியர் கண்ணயரும் வேளை பார்த்து மாடிக்கு ஏறி, நண்பர் தம் மாமனாரிடம் இரவலாகப் பெற்ற கமெராவைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்துத் திறந்து, நூறு வரை எண்ணி மூடினார். கழுவி வந்த படங்களிலே நட்சத்திரங்கள் யாவும் சாய்ந்த கோடுகளாகக் கிடந்தன. வால்வெள்ளியோ சுண்ணாம்பு பூசிய விரலை இழுத்தாற்போல் இருந்தது. பௌதிக ஆசிரியரிடம் காட்டினோம். இரவில் மாடிக்கு ஏறியமைக்காக முதலில் நன்றாக ஏசினார். பின்னர், "படம் பிழையன்று. நீ பூமி சுழல்வதைப் படம் பிடித்திருக்கிறாய்" என்றார். நண்பர் அதனாற் சமாதானம் அடையவில்லை. வால்வெள்ளியைத்தான் பிடிக்க வேண்டும் என்று நின்றார்.

அவ்வாசிரியர் சனியின் வளையத்தை எமக்குக் காட்டிய பித்தளைத் தொலைகாட்டி 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின் ஆய்வுகூடத்திற் காணப்படவில்லை. அன்று தொட்டு இப்பெட்டிகள் வரும்வரை கல்லூரியில் வானை நோக்கும் கருவி எதுவும் இருந்ததில்லை.

மாரி கழியும்வரை காத்திருந்தோம். 2025 மார்ச்சு 29 ஆம் திகதி அமாவாசை. அதற்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை மாலையில், விஞ்ஞான மன்றத்து மாணவர் அறுவருடன் விளையாட்டு மைதானத்தின் நடுவே முக்காலியை நிறுத்தினோம்.

முதல் இடர் அகலக்கோட்டினால் வந்தது. தாங்கியின் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக நிற்றல் வேண்டும். எனவே அது வடதுருவத்தை நோக்கி, அவ்வூர் அகலக்கோட்டின் அளவுக்குச் சாய்ந்திருக்கும். ரொறன்ரோவில் வானின் பாதி உயரத்துக்கு நிமிர்ந்து நின்ற அச்சு, 9 பாகை 40 கலையில் உள்ள யாழ்ப்பாணத்திலே ஏறத்தாழப் படுத்துவிடுகின்றது. 34 பாகை இறக்க வேண்டியிருந்தது. இறக்கியதும் எதிர்ப்பாரத் தண்டு நேர் கீழே தொங்கி, முக்காலியின் வடக்குக் காலில் மோதிற்று. வடதேசத்தார்க்கு இவ்விடர் நேர்வதில்லை. கணித ஆசிரியர் காகிதத்திற் கோணங்களை வரைந்துகொண்டிருக்கையில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், "காலைத் தெற்கே திருப்பினால் என்ன ஐயா?" என்றான். முக்காலியின் ஒரு கால் தெற்கேயும் மற்றை இரண்டும் வடக்கே விரிந்தும் நிற்குமாறு திருப்பினோம். தண்டு இரு கால்களின் நடுவே தடையின்றித் தொங்கியது. காகிதம் மடிக்கப்பட்டது.

மின்சாரத்தைப் பற்றி எழுதுவதற்கு நாணுகின்றோம். உடன் வந்த அடப்டரைச் சுவரிற் செருகப் போனவர் எம் மின்பொறியியலாளரே. அதன் முதுகில் எழுதியிருந்ததை உரத்து வாசித்து, அது 120 வோல்ற்றுக்கு மாத்திரம் உரியதென்று தடுத்தவன் மாணவன். நம் சுவரில் உள்ளது 230. ஆகையால் வைத்தியரின் காரிலிருந்து 12 வோல்ற்றுப் பற்றரியைக் கழற்றி வந்து பயன்படுத்தினோம்.

இவ்வளவில் இருட்டிவிட்டது. மாணவர் வரிசையாக நின்று, "எங்கே கண்ணை வைத்துப் பார்ப்பது?" என்றனர். கண் வைக்கும் இடம் அக்கருவியில் இல்லை. அவ்விடத்தைக் கமெரா அடைத்துக்கொண்டிருக்கின்றது. அவர்தம் முகம் வாடியதை மறைத்தற்கில்லை. இத்தீவில் வானைக் கண்ணாற் பார்த்துக் கையால் வரைந்து உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் இருந்தார் என்று சொல்லி அவர்களைத் தேற்றினோம். கொழும்பிற் பிறந்த மோல்ஸ்வேர்த் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, திருகோணமலையில் தாமே நிறுவிய தொலைகாட்டியால் வியாழனை இரவுதோறும் நோக்கி, 1901 இல் அதன் தென்பகுதியிற் பெருங்குழப்பம் ஒன்று தோன்றியதைக் கண்டார். 1908 இல் அவ்வூரிலேயே இறந்தார். செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இட்டிருக்கின்றனர். எம் பேச்சு மாணவரைத் தேற்றியதோ இல்லையோ, ஒருவன் மறுநாள் நூலகத்தில் வியாழனைத் தேடினான் எனக் கேள்வியுற்றோம்.

இனிச் சில்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் கைத்தொலைபேசிக் கமெராக்களிலே ஒவ்வொரு படப்புள்ளியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் என்பவற்றுள் ஒரு நிறக் கண்ணாடி நிலையாக ஒட்டப்பட்டிருக்கும். ஒரு புள்ளி தன் நிறம் ஒழிந்த ஏனைய ஒளியை இழந்துவிடுகின்றது. பகலில் அவ்விழப்பு பொருட்டன்று. ஆயிரம் ஆண்டுகள் பயணஞ் செய்து வந்த ஒளித்துளியை அவ்வாறு வீசிவிடுதல் வானியலார்க்குப் பொறாது. ஆகவே அவர்கள் நிறமறியாக் கமெராவைக் கொண்டு, அதன் முன்னே நிறக் கண்ணாடிகள் பதித்த சில்லொன்றைச் சுழற்றி, ஒவ்வொரு நிறத்திலும் தனித்தனியே படமெடுத்துப் பின்னர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றனர். எம் நண்பரின் சில்லில் ஏழு கண்ணாடிகள் இருந்தன. மூடியின் மேல் ஒரு துண்டுத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. அதிலே அவர் கையெழுத்தில்: "1 வெள்ளை, 2 சிவப்பு, 3 பச்சை, 4 நீலம், 5 ஐதரசன், 6 ஒட்சிசன், 7 கந்தகம்." நாற்பதாண்டுகள் வேற்றுமொழி பேசும் ஊரில் வாழ்ந்தவர், நள்ளிரவிலே தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும்போது இங்குள்ள ஆய்வுகூடத்திற் கற்ற சொற்களையே எழுதியிருக்கின்றார்.

ஐந்தாம் கண்ணாடி 656.3 நனோமீற்றர் அலைநீளத்தை அடுத்த மிகக் குறுகிய பட்டையை மட்டும் உள்ளே விடும். சூடேறிய ஐதரசன் வாயு அச்செந்நிறத்திலேயே ஒளிர்கின்றது. தெருவிளக்கின் ஒளி பெரும்பாலும் வெளியே நின்றுவிடும்.

இரண்டாம் நாள் இரவு முழுவதும் வீணாயிற்று. ஆயினும் அதிலேதான் மிகுதியாகக் கற்றோம். கமெராவின் உள்ளே மின்னாற் குளிரூட்டும் அமைப்பு ஒன்று உண்டு. சூடான உணரியிலே ஒளி படாமலே பொய்ப்புள்ளிகள் தோன்றும். குளிர்ந்தால் அவை விரைவாகக் குறையும். கணினியைத் திறந்து குளிரூட்டியை இயக்கினோம். சில நிமிடங்களிற் கமெரா துண்டித்துக்கொண்டது. மீண்டும் இணைத்தோம், மீண்டும் துண்டித்தது. சில்லும் பாதி சுழன்று நின்றது. கமெரா பழுதென்றார் ஒருவர். கணினி பழுதென்றார் மற்றொருவர். உப்புக்காற்றுப் பட்டுவிட்டதென்றார் வைத்தியர். பதினொரு மணியளவில் ஒரு மாணவன் ஆய்வுகூடத்து வோல்ற்றுமானியைக் கொணர்ந்து பற்றரியில் அளந்தான்: 12.4. கமெராவில் அளந்தான்: 10.9. நாம் கடையில் வாங்கிய நீண்ட மெல்லிய கம்பி இடைவழியிலே ஒன்றரை வோல்ற்றை விழுங்கியிருந்தது.

குளிரூட்டி ஏன் அவ்வளவு மின்னை இழுத்தது? நண்பர் இறுதியாக இட்ட கட்டளை கணினியிற் பதிந்திருந்தது: சுழியத்துக்குக் கீழே 20 பாகை. பனி கொட்டும் ஊரில் அஃது எளிது. அன்றிரவு மைதானத்தில் வெப்பநிலை 28 பாகை. 48 பாகை இறக்க முயன்று, முழு வலுவையும் செலுத்தி, எட்டாத இடத்தை எட்டப் பார்த்துக்கொண்டிருந்தது அப்பொறி. கட்டளையைச் சுழியம் பாகைக்கு மாற்றினோம். கம்பியைத் தடித்ததாகவும் குட்டையாகவும் மாற்றினோம். அதன் பின் ஒரு முறையேனும் துண்டிக்கவில்லை. இவற்றை முடிக்கையில் வில்லையின் மேற் பனி படிந்து, வானம் பால்போல் மங்கிவிட்டது. வீட்டிற்குப் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் இரவு. அன்று துருவத்தைப் பிடிக்க வேண்டும். ஏனைய நாட்டவர் துருவ நட்சத்திரத்தைச் சிறு குழாயினூடே பார்த்து அச்சைத் திருத்துவர். நம் ஊரில் அது 10 பாகைக்கு மேல் அதிகம் எழுவதில்லை. எம் மைதானத்தின் வட எல்லையிலோ பனைகள் நிற்கின்றன. துருவன் ஓலைகளுக்குப் பின்னால் இருக்கின்றான் என்பதை அனுமானத்தாலேயே அறிந்தோம். காணாத அச்சைக் கண்டுகொள்ளும் வழியொன்று உண்டு. வான நடுக்கோட்டை அண்டி, உச்சியை அணுகும் நட்சத்திரம் ஒன்றைக் கமெராவில் நிறுத்தி, வடக்கு தெற்காக அது நகர்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே விலகியுள்ளது. வடக்கே நகர்ந்தால் மேற்கே. பின்னர்க் கீழ்வானில் உள்ள ஒன்றைப் பார்த்தல் வேண்டும். அது தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்துள்ளது. வடக்கே நகர்ந்தால் உயர்ந்துள்ளது. நாம் முன்னதற்கு மகத்தையும் பின்னதற்குச் சித்திரையையும் கொண்டோம். பஞ்சாங்கத்திற் பெயரளவில் மாத்திரம் அறிந்த இவ்விரு நட்சத்திரங்களையும் கையால் தொட்டாற்போலப் பழகிய இரவு அதுவே. ஒன்றரை மணி நேரஞ் சென்றது. குவியத்தைத் திருத்துதற்கு மாணவர் அட்டையில் வெட்டிய பாட்டினோவ் முகமூடி உதவிற்று. உருசியாவைச் சேர்ந்த பாட்டினோவ் என்னும் ஆர்வலர் 2005 இல் வகுத்த எளிய சூழ்ச்சி அது. சாய்ந்த பிளவுகளூடே வரும் ஒளி மூன்று கதிர்களாக விரியும். நடுக்கதிர் நடுவில் நின்றால் குவியம் சரி.

இவ்வளவும் செய்த பின்னும் வழிகாட்டி ஏன் வேண்டும் எனக் கணக்காளர் கேட்டார். வானம் ஒரு செக்கனில் 15 விகலை நகர்கின்றது. எம் கமெராவிலே ஒரு படப்புள்ளி ஏறக்குறைய 1.6 விகலை. தாங்கி சுழலாவிடின் ஒரு செக்கனில் நட்சத்திரம் ஒன்பது புள்ளிகளைக் கடந்துவிடும். தாங்கி சுழல்கின்றது, ஆயினும் அதனுள்ளே 180 பற்சில்லைச் சுழற்றும் திருகு, எவ்வளவு செப்பமாகக் கடைந்ததாயினும், ஏறத்தாழ எட்டு நிமிடத்துக்கு ஒரு முறை சிறிது முந்தியும் பிந்தியும் ஆடும். வழிகாட்டிக் கமெரா தனியான சிறு குழாயினூடே பெயரறியாத நட்சத்திரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு, இரண்டு செக்கனுக்கு ஒரு முறை அஃது இருந்த இடத்தில் இருக்கின்றதா எனப் பார்த்து, விலகிய அளவைத் தாங்கிக்கு அறிவிக்கும். தாங்கி அவ்வளவே திருத்திக்கொள்ளும். இரவு முழுவதும் இவ்வாறே.

பீ.எச்.டி. 2 என்னும் செயலியைத் திறந்தோம். யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கும் செயலி அது. அதிலே நண்பர் தம் அமைப்புகளுக்கு இட்ட பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. மாணவன் எழுத்துக்கூட்டி வாசித்தான்: "பின்வளவு." எம்முள் ஒருவர் சிரித்தார், பின்னர் எவரும் பேசவில்லை.

வழிகாட்டியை இயக்கினோம். நட்சத்திரம் நிற்பதற்குப் பதிலாக விலகிற்று. திருத்தத் திருத்த மேலும் விலகிச் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. மூன்று முறை இவ்வாறே. தாங்கியை எப்பக்கம் தள்ளினால் நட்சத்திரம் எப்பக்கம் நகரும் என்பதைச் செயலி முன்னரே பழகி நினைவில் வைத்திருக்கும். அது நண்பரின் பின்வளவிற் பழகிய நினைவு. அவர் கமெராவை மாட்டியிருந்த கோணம் வேறு. நாம் மாட்டிய கோணம் வேறு. கிழக்கே தள்ள வேண்டிய வேளை அது வேறெங்கோ தள்ளிக்கொண்டிருந்தது.

"பழையதை அழித்துவிடட்டுமா?" என்றான் கணினியின் முன்னிருந்த மாணவன். அழித்தல் வேண்டும் என்பது எமக்குத் தெரிந்ததே. ஆயினும் ஐவருள் ஒருவராவது "அழி" என்று சொல்லவில்லை. அது வெறும் எண்கள். ஏதோ ஓர் இரவு அவர் தனியே குளிரில் அமர்ந்து, மேற்கே பத்து அடியும் வடக்கே பத்து அடியுமாக ஒரு நட்சத்திரத்தை நடத்திப் பெற்ற எண்கள். பையன் எம் முகங்களைப் பார்த்தான். எவ்வளவு விளங்கிக்கொண்டானோ அறியோம். "அழிக்கத் தேவையில்லை ஐயா. அது அப்படியே இருக்கட்டும். புதிதாக ஒன்று திறக்கலாம்" என்றான். திறந்து, "மைதானம்" எனப் பெயரிட்டான். நட்சத்திரத்தை நாற்றிசையும் நடத்திப் பழக்கினோம். இயக்கியதும், திரையில் ஓடும் இரு கோடுகளும் நடுக்கோட்டை விட்டு ஒரு விகலைக்கு மேல் அதிகம் பிரியாமல் ஓடின.

எதனைப் படமெடுப்பது என்பதில் விவாதம் எழவில்லை. 44 பாகை அகலக்கோட்டில் வாழ்வோர்க்குத் தென்வானின் பெரும்பகுதி ஒருபோதும் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. திரிசங்கு, ஒமேகா சென்ரோரி என்னும் கோளக் கொத்து, கரீனா ஒண்முகில் யாவும் அவ்வாறே. இக்கருவி தன் வாழ்நாளில் அவற்றைக் கண்டதில்லை. பத்தரை மணிக்குச் சற்று முன்னர்க் கரீனா ஒண்முகில் எம் தெற்கே 20 பாகை உயரத்தில், பனைத் தலைகளின் மேலாக உச்சிக்கோட்டை அடைந்தது. ஏறத்தாழ 7,500 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பெருவாயுத் திரள் அது. அதனுள் இருக்கும் ஈற்றா கரீனா என்னும் நட்சத்திரம் 1843 இல் வெடித்துப் பொங்கிச் சிலகாலம் சீரியசுக்கு அடுத்த ஒளியுடன் விளங்கியது. அன்று இக்குடாநாட்டில் வாழ்ந்த எம் முன்னோரின் கண்ணிலும் அது பட்டிருக்கும். சில்லை ஐந்தாம் இடத்துக்குச் சுழற்றினோம். ஐந்து நிமிடம் கமெரா திறந்திருந்தது. தாங்கி சுழலாவிடின் அந்நேரத்தில் அம்முகில் ஒரு முழுமதியின் அகலத்துக்கும் மேலாக நகர்ந்திருக்கும்.

படம் திரையில் வந்தது. நட்சத்திரங்கள் புள்ளிகளாக நின்றன. அவற்றின் நடுவே முகில் கரைகிழிந்து, கரும் பள்ளத்தாக்குகளோடு விரிந்து கிடந்தது. கணித ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாணவர் கூச்சலிட்டமையால் விடுதியில் விளக்கெரிந்தது. காவலாளி ஓடி வந்தார். இவ்வாறு ஆறு படங்கள் எடுத்து அடுக்கியதே நடுப்பக்கத்திலுள்ளது. இடப்பக்க மூலையில் நட்சத்திரங்கள் சற்று நீண்டிருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். கமெராவுக்கும் வில்லைக்கும் இடையே இட வேண்டிய வளையம் ஒன்றைப் பெட்டியிலேயே மறந்துவிட்டோம்.

கருவிகள் யாவும் இப்போது பௌதிக ஆய்வுகூடத்து அலுமாரியில் உள்ளன. சாவி விஞ்ஞான மன்றத்துப் பொறுப்பாசிரியரிடம் இருக்கின்றது. வில்லையிற் பனி படியாதிருக்கச் சூடாக்கும் பட்டி ஒன்று இன்னும் வாங்க வேண்டியுள்ளது.

படத்தை நண்பரின் துணைவியாருக்கு அனுப்பினோம். இரு நாட்களில் விடை வந்தது. பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினாராம். அவர் சுவரெங்கும் தம் படங்களை மாட்டி வைத்திருந்தும் இதனை மட்டும் எடுக்காது விட்டமைக்குக் காரணம் என்னவென்று கேட்டிருந்தார். அஃது அங்கே உதிப்பதில்லை என்று எழுதினோம்.